தாங்குகிறவருக்கும் ஒரு நிழல்



ஊர்தோறும் இருக்கும் நமது வழிபாட்டு இடத்துக்கு நிழல்தாங்கல் என்று பெயர். வெயிலில் வந்தவர் இளைப்பாறும் நிழலையும், தளர்ந்தவரைத் தாங்கும் கையையும் அந்த ஒரே பெயர் நினைப்பூட்டுகிறது. ஆனாலும் அந்த நிழலில் ஒரு நாள்கூட உட்காராதவர் ஒருவர் பல ஊர்களில் உண்டு. அவர்தான் தாங்கலின் பணிவிடைக்காரர்.

அப்படி ஒருவரை மனதில் வைத்துப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து குளித்துத் திருவிளக்கு ஏற்றுகிறார். உகப்படிப்பு, உச்சிப்படிப்பு, அந்திப் பணிவிடை எல்லாம் அவர் குரலில்தான். இடையில் காய்ச்சல் என்று வருகிற பிள்ளைக்கு நாமம் சாத்திப் பதம் கொடுக்க வேண்டும். 17 நாள் திருஏடு வாசிப்பு வந்துவிட்டால் வரி பிரிப்பதும் அரிசி சேர்ப்பதும் பந்தல்காரரிடம் பேசுவதும் அவர் தலையில். வீட்டிலோ அவருடைய தாயார் படுத்த படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். பகலில் அந்த வேலை மனைவிக்கு. இரவிலும் பெரும்பாலும் அவளுக்கே. அந்த அம்மாள் ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் தூங்கி எத்தனை மாதம் ஆயிற்றோ!

“கொஞ்சம் ஓய்வெடுங்க” என்று யாராவது சொன்னால், “அய்யா பார்த்துக்கொள்வார்” என்று பதில் வருகிறது. நல்ல சொல்தான். ஆனால் உதவ வந்த பக்கத்து வீட்டாரைத் திருப்பி அனுப்ப அந்தச் சொல் பயன்படும்போது கவனமாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டார் கையாலும் அய்யா பார்த்துக்கொள்ளலாமே. இனிமம் வாங்கக் கை நீட்டிய குழந்தைகள் மேல் அவர் எரிந்து விழத் தொடங்கியபோதுதான் ஊருக்கு விஷயம் புரிந்தது.

அய்யா வைகுண்டரின் வரலாற்றைப் பார்ப்போம். 1833ஆம் ஆண்டு மாசி மாதம், திருச்செந்தூர்க் கடலில் மூன்று நாள் இருந்து எழுந்து, இன்று சாமிதோப்பு எனப்படும் இடத்துக்கு வந்தவர், ஆறு ஆண்டு தவசிருந்தார். இரண்டிரண்டு ஆண்டாக மூன்று தவசு. முதலாவது குழிக்குள் நின்று. அதை ஓய்வு என்று சொல்வது பெரும்பிழை. ஆனாலும் இத்தனை பேர் பாரத்தைச் சுமக்க வந்தவர், ஓரிடத்தில் ஒதுங்கி இருந்தே தமது பணியைத் தொடங்கினார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறகு துவையல் தவசு. 700 குடும்பத்தார் வாகைப்பதிக் கடற்கரைக்குப் போய்த் தங்கினார்கள். பின்னர் முட்டப்பதியிலும் இருந்தார்கள். குளியல், துணி துவைத்தல், ஒருவேளை உணவு, அய்யாவின் போதனை: இதுவே அவர்கள் நாள். அவர்கள் வசதியாக வாழ்ந்தவர்கள் அல்லர். திருவிதாங்கூரின் வரியாலும் கூலியில்லா ஊழியத்தாலும் நசுக்கப்பட்டவர்கள். பனையேறினால்தான் அடுப்பு எரியும் என்றிருந்தவர்கள் தொழிலை விட்டுவிட்டுக் கடற்கரையில் தங்குவது லேசான காரியமா? அவர்களால் முடிந்ததென்றால், ஆளுக்கொரு மூலையாய்ப் போகாமல் குடும்பம் குடும்பமாய்ச் சேர்ந்து போனதும் ஒரு காரணம்.

இன்றைக்கும் வழி இருக்கிறது. சாமிதோப்புக்குப் போய் மூன்று நாள் தங்கலாம். முத்திரிக்கிணற்றில் குளித்து, பதம் குடித்து, பந்தியில் உட்கார்ந்து, மற்றவர் படிக்கிற படிப்பைக் கடைசி வரிசையிலிருந்து கேட்கலாம். அங்கே போயும் பாத்திரம் எடுத்துப் பரிமாற நிற்கக் கூடாது. பழகிய கைக்கு அதுதான் கஷ்டம்!

ஆனால் “போய் வாருங்கள்” என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறவர்களால் பயனில்லை. படுக்கையில் இருக்கும் தாயாரை யார் பார்ப்பது என்பதற்கு முதலில் பதில் வேண்டும். அந்த ஊரில் கொழுந்தன் மனைவி ஒருத்தி வந்து, “அக்கா, ராத்திரி நான் வந்து படுத்துக்கிடுதேன், நீங்க அண்ணன்கூடப் போயிட்டு வாங்க” என்றாள். பெரியவளை எப்படிப் புரட்ட வேண்டும், எந்தப் பக்கம் வலி என்று இரண்டு நாள் முன்பே வந்து பார்த்தும் கொண்டாள்.

பணிவிடைக்காரர் மனதில் இன்னொரு பயமும் இருந்தது. தாம் இல்லாமலே தாங்கல் நடந்துவிட்டால்? அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளியறைக் கண்ணாடி முன் தலைப்பாகை கட்டி நிற்கிறவர் தம் உருவத்தையே பார்க்கிறார். உள்ளே இருக்கும் இறைவனைக் காணும் அந்தக் கண்ணாடியிலேயே குழிவிழுந்த கண்ணும் தெரியும், “நான்தான் செய்கிறேன்” என்ற எண்ணமும் தெரியும். புறப்படும் முன்தினம் அவர் அதன் முன் வெகுநேரம் நின்றிருந்தார். பிறகு சாவியை ஓர் இளைஞன் கையில் கொடுத்தார்.

மறுநாள் உச்சிப்படிப்பை அந்த இளைஞன் சொன்னான். இரண்டு இடத்தில் தடுமாறினான். சுற்றி நின்ற மக்கள் எடுத்துக்கொடுத்தார்கள்.