மூலமும் படியும்: கணிப்பொறி வலையமைப்பில் கோப்புகளின் ஒத்திசைவு

தோற்றுவாய்

சுவடிப் பதிப்பைப் பயில்வோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் பாடவேறுபாடு ஆகும். ஒரு நூலுக்குப் பத்துப் படிகள் கிடைப்பின், பத்தும் ஒன்றுபோல் இருத்தல் அரிது. படியெடுத்தோர் ஓரெழுத்தை விட்டிருப்பர். ஒரு சொல்லை மாற்றியிருப்பர். ஓலை கிழியுமென்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது விட்டிருப்பர். இவற்றுள் மூலத்துக்கு அணுக்கமான பாடத்தைத் தேர்வதே பதிப்பாசிரியரின் பணி.

இவ்விடர் ஓலைச்சுவடியோடு ஒழிந்ததன்று. கணிப்பொறி வலையமைப்பை இயக்குவோரும் இதனையே எதிர்கொள்கின்றனர். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. சுவடியைப் படிப்பவர் ஐயுற்று ஆராய வல்லவர். கணிப்பொறியோ தன்னிடமுள்ள படியை ஐயுறாது. அதில் உள்ளவாறே செயற்படும். ஆதலின் அங்குப் பாடவேறுபாடு உடனே பெருந்தீங்காய் முடிகிறது. அதனைப் பொறியியலார் எவ்வாறு களைந்தனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு பட்டியலின் வரலாறு

இன்றைய இணையத்துக்கு முன்னோடி, அமெரிக்காவில் 1969இல் நான்கு இடங்களை இணைத்துத் தொடங்கிய அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பாகும். கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்ணால் அறியும். மாந்தர்க்கோ பெயரே நினைவில் நிற்கும். ஆகவே எப்பெயருக்கு எவ்வெண் என்று காட்டும் பட்டியல் தேவைப்பட்டது. தொடக்கத்தில் ஒவ்வோரிடத்தாரும் தத்தமக்கென ஒரு பட்டியல் எழுதி வைத்தனர். அவை ஒன்றோடொன்று முரண்பட்டன. பெரும்பாலும் பழமைப்பட்டும் போயின.

இக்குறையைப் பீட்டர் டாய்ட்ச் என்பார் 1973 டிசம்பரில் எடுத்துரைத்து, ஒரே பட்டியலை ஓரிடத்தில் பேணவேண்டும் என வற்புறுத்தினார். கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கிலிருந்த வலையமைப்புத் தகவல் மையம் 1974இல் அப்பொறுப்பை ஏற்றது. அம்மையத்தை நெடுங்காலம் நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர் அம்மையார். மாற்றம் வேண்டுவோர் மையத்துக்குத் தெரிவிப்பர், மையம் திருத்தும், ஏனையோர் அங்கிருந்து படியெடுத்துக்கொள்வர்.

படிகள் பரவுமுன் மூலம் உறுதிப்படவேண்டும் என்னும் நெறி நம் மாணவர்க்குப் புதிதன்று. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் காக்கப்பெற்றிருந்த தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு, மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் திருக்குர்ஆன் படிகளை எழுதுவித்துப் பல பகுதிகளுக்கும் அனுப்பிய வரலாற்றை யாவரும் அறிவோம். மறைநூலைப் பிற எழுத்துகளோடு ஒப்பிடுதல் நம் கருத்தன்று. அவ்வரலாறு உணர்த்தும் நெறியே ஈண்டுக் கருதத்தக்கது.

சுமையும் தீர்வும்

மூலம் ஒன்றாயினும் இடர் தீரவில்லை. 1981 ஆகஸ்டில் 213 ஆக இருந்த கணிப்பொறிகள் 1984 அக்டோபரில் 1,024 ஆயின. 100 கணிப்பொறிகள் 100 வரிப் பட்டியலைப் படியெடுப்பின், வலையமைப்பு சுமக்கவேண்டியன 10,000 வரிகள். 1,000 கணிப்பொறிகள் 1,000 வரிகளைப் படியெடுப்பின் 10 லட்சம் வரிகள். கணிப்பொறிகள் பத்து மடங்கு பெருகச் சுமை நூறு மடங்கு பெருகிற்று. ஒரு மையமே எல்லார்க்கும் எழுதிக் கொடுத்தல் இயலாதாயிற்று.

பால் மொகபெட்ரிஸ் என்னும் அறிஞர் 1983இல் இதற்கு வழி கண்டார். டி.என்.எஸ். எனப்படும் களப்பெயர் முறைமை அது. இதன்படி முழுப் பட்டியலும் ஒருவர் கையில் இராது. அது மண்டலங்களாகப் பகுக்கப்பெறும். ஒவ்வொரு மண்டலத்தையும் அதற்குரியவரே திருத்துவர். மண்டலத்தின் மூலக் கோப்பு 'சர்வர்' எனப்படும் வழங்கி ஒன்றில் இருக்கும். அது பழுதுற்றாலும் பணி தடைப்படாதிருக்க, துணை வழங்கிகள் படிகளை வைத்திருக்கும்.

வரிசை எண்ணின் சிறப்பு

தன்னிடமுள்ள படி பழையது என்பதைத் துணை வழங்கி எங்ஙனம் அறியும்? மூலக் கோப்பின் தலைப்பில் ஒரு வரிசை எண் உண்டு. திருத்தும்போதெல்லாம் அதனை உயர்த்தவேண்டும். 2024051001 என்பதுபோல ஆண்டு, திங்கள், நாள், அன்றைய திருத்தத்தின் எண் ஆகியவற்றைச் சேர்த்தெழுதுவது வழக்கம். துணை வழங்கி குறித்த கால இடைவெளியில் மூலத்தின் எண்ணை வினவும்; அது தன் எண்ணினும் உயர்ந்திருப்பின் மட்டுமே புதுப்படி எடுத்துக்கொள்ளும். மாற்றம் நிகழ்ந்தவுடன் மூலமே துணைகளுக்கு அறிவிக்கும் முறையும், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் முறையும் 1996இல் வகுக்கப்பெற்றன.

பொறுப்பாளர் கோப்பைத் திருத்திவிட்டு எண்ணை உயர்த்த மறந்தால், துணை வழங்கி தன் பழம்படியே புதியதென்று கொள்ளும். அந்நிலையில் ஒரே வினாவுக்கு மூலம் ஒரு விடையும் துணை வேறொரு விடையும் தரும். கேட்பவர்களுள் சிலர் சரியான இடத்தையும் சிலர் தவறான இடத்தையும் அடைவர். பிழை எங்குளதென அறிய முடியாமல் பலர் திகைப்பது இதனாலேயே.

மற்றொரு விதியும் போற்றத்தக்கது. மூலத்தோடு தொடர்பு அறுந்து குறித்த காலம் கடந்துவிடின், துணை வழங்கி அம்மண்டலம் பற்றி விடையளிப்பதை நிறுத்திவிட வேண்டும். பழைய செய்தியைப் புதியதென்று சொல்வதினும் வாய்வாளாமை நன்று என்பதே இதன் உட்பொருள்.

நிறுவனங்களின் உள் வலையமைப்பிலும் இந்நெறியே பின்பற்றப்படுகிறது. பயனாளர் பெயர், குழு, முகவரி முதலிய கோப்புகளைப் பல வழங்கிகளில் ஒத்திருக்கச் செய்யச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களில் ஒரு முறையை வகுத்தது. அதிலும் திருத்தம் மூல வழங்கியில் மட்டுமே செய்யப்படும். துணைகளில் எவரும் கைவைத்தல் ஆகாது. இரு கோப்புகளைத் துண்டு துண்டாக ஒப்பிட்டு, வேறுபட்ட துண்டுகளை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் என்னும் கருவியை ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் ஆகியோர் 1996இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கினர்.

பிழையும் ஒத்திசையும்

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒத்திசைவு என்பது படி மூலத்தை ஒத்திருத்தல். மூலம் மெய்யாயிருத்தல் அன்று. மூலத்தில் பிழை புகின், செம்மையான முறை அப்பிழையையும் செம்மையாகவே பரப்பும். 1997 ஜூலையில் காம், நெட் ஆகிய ஈறுகளுக்குரிய பட்டியல் பழுதுற்ற நிலையில் வெளியாயிற்று. சரிபார்க்கும் பொறி எச்சரித்தும் அது தடுக்கப்படவில்லை. அப்பழுது தலைமை வழங்கிகளுக்கும் பரவிற்று.

2009 அக்டோபர் 12இல் ஸ்வீடன் நாட்டுக்குரிய எஸ்.இ. என்னும் ஈற்றிலும் இத்தகைய இடர் நேர்ந்தது. காரணம் ஒரு புள்ளி. மண்டலக் கோப்பில் பெயரின் இறுதியில் புள்ளியிடின், அப்பெயர் முற்றுப்பெற்றது என்று பொருள். புள்ளி இல்லையேல், மென்பொருள் மண்டலத்தின் பெயரை அதனோடு மீண்டும் ஒட்டும். அன்று அப்புள்ளி விடுபட்டமையால் எஸ்.இ. ஈறு இரட்டித்தது, அந்நாட்டு ஈற்றையுடைய தளங்களும் அஞ்சல்களும் எட்டாதவையாயின. பிழை விரைவில் திருத்தப்பட்டபோதிலும், பழைய விடையைச் சேமித்து வைத்திருந்த கணிப்பொறிகள் அதனை மறக்கப் பின்னும் பல மணிநேரம் ஆயிற்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி விதித்த தொல்காப்பியத்தைப் பயில்வோர்க்குப் புள்ளியின் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் நான்கு நெறிகள் பெறப்படும். மூலம் ஒன்றாய் இருத்தல். திருத்தம் அங்கு மட்டுமே நிகழ்தல். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அடையாள எண் இடல். வெளியிடுமுன் பிறிதொரு கண் சரிபார்த்தல். இவற்றோடு, முந்தைய படியையும் காத்து வைப்போமாயின், பிழை நேரினும் மீள வழியுண்டு.

மதிப்பெண் பட்டியல், நூலகப் பதிவேடு, உதவித்தொகை பெறுவோர் பெயர்நிரல் ஆகியன இன்று பல கணிப்பொறிகளில் படிகளாக இருக்கின்றன. ஒரு படியில் பெயர் உண்டு, மறுபடியில் இல்லை என்ற நிலை வரின், அதனால் உரிமையை இழப்பவர் ஒரு மாணவர். ஆதலின் கணிப்பொறியைக் கையாளவிருக்கும் நம் மாணவர், எந்தக் கோப்பைத் திருத்தத் தொடங்கினாலும், இது மூலமா, படியா என்று முதலில் வினவிப் பழகுதல் வேண்டும்.