கோடிக்கரையில் காணத்தக்கவை

முன்னுரை

விடுமுறை என்றவுடன் நம்மில் பலருக்கு உதகையும் கோடைக்கானலுமே நினைவிற்கு வருகின்றன. காவிரிக் கழிமுகத்தில் வாழும் நாம், நமக்கு அண்மையில் உள்ள கடற்கோடி ஒன்றை மறந்தே போகிறோம். காடும் கடலும், மானும் புள்ளும், உப்பும் வரலாறும் ஒருசேர அமைந்த அவ்விடம் கோடிக்கரை. சென்ற தை மாத இறுதியில் எங்கள் வகுப்பு மாணவர் இரண்டு நாள் அங்குச் சென்று வந்தோம். கண்டவற்றைக் கூறுவதோடு, காணத் தவறியவற்றையும், தவறியது ஏன் என்பதையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருப்பிடமும் வழியும்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வரும் தமிழகக் கடற்கரை, கோடிக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல். தெற்கே பாக் நீரிணை. நிலத்தின் கோடியில் உள்ள கரையாதலின் கோடிக்கரை என்னும் பெயர் பொருத்தமாகவே அமைந்துள்ளது. நாகப்பட்டினம் மாவட்டத்து வேதாரணியத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவு. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை அகல இரயில் பாதையில் 2023ஆம் ஆண்டு முதல் வண்டிகள் ஓடுகின்றன. அங்கிருந்து சாலை வழியே செல்லலாம்.

கானகமும் வெளிமானும்

கோடிக்கரைக் காடு 1967ஆம் ஆண்டில் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. பெரும்பாலும் மணல்மேடுகளின்மீது வளர்ந்த உலர் பசுமைக்காடு இது. இலையுதிராத பாலை மரங்கள் இதன் சிறப்பு. இக்காட்டின் செல்வம் வெளிமான். சங்க நூல்கள் இரலை என்றும் புல்வாய் என்றும் கூறுவது இதனையே. ஆணின் மேனி கருமை, கொம்பு முறுக்குடையது. பெண்மான் பழுப்பு நிறத்தது.

'சுற்றிலும் உப்புநீர் இருக்க, மான்கள் எந்த நீரைப் பருகும்?' என்னும் ஐயம் எழக்கூடும். மணலில் இறங்கும் மழைநீர், அடர்த்தி குறைந்ததாதலின், அடியிலுள்ள உவர்நீரோடு எளிதில் கலவாமல் அதன்மேல் மிதந்து நிற்கும். மணல்மேடே இங்கு நீர்த்தொட்டி. மணலை அள்ளினால் நன்னீரையும் அள்ளியவர் ஆவோம்.

வெளிமானுக்கு வேண்டுவது அடர்காடன்று, திறந்த புல்வெளி. அயல்நாட்டிலிருந்து வந்த சீமைக்கருவேலம் பரவியதால் புல்வெளி குறுகியது. உள்ள புல்லுக்கும் காட்டில் திரியும் குதிரைகள் போட்டியிடுகின்றன. 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியத்தை ஒட்டிக் கரையைக் கடந்த கஜா புயல் எண்ணற்ற மரங்களை வீழ்த்தியது. இத்தனை இடர்களுக்கிடையே எஞ்சி நிற்கும் உயிரைத்தான் நாம் காணச் செல்கிறோம்.

எங்கள் முதல்நாள் பிழை இங்கேதான் நேர்ந்தது. ஒலிபெருக்கியில் திரைப்பாடல் முழங்கப் பேருந்தில் சென்று இறங்கினோம். தொலைவில் புள்ளிகளாகத் தெரிந்த மான்கள் துள்ளி மறைந்தன. அங்கிருந்த காவலர் சினந்து பேசவில்லை. "பாட்டு ஊர்லயே கேக்கலாம் தம்பி. மானை இங்கதான் பாக்க முடியும்" என்றார். எங்களுக்குத் தலை கவிழ்ந்தது. மறுநாள் விடியலில் ஓசையின்றி நடந்து சென்றோம். ஒரு மந்தை முழுவதும் எங்கள் கண்முன்னே மேய்ந்தது.

புள்ளினம்

ஐப்பசி முதல் மாசி வரை இங்குப் பறவைகளின் காலம். வடபுல நாடுகளின் கடுங்குளிருக்கு அஞ்சி, உள்ளான் முதலிய சிறு பறவைகள் ஆயிரக்கணக்கான கல் தொலைவு பறந்து வருகின்றன. பூநாரைகளின் கூட்டமே காண்போரைப் பெரிதும் கவர்வது. பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நீரை வடித்துவிட்டு, அதிலுள்ள சிற்றுயிர்களையும் பாசியையும் உண்ணும். அவ்வுணவில் உள்ள நிறப்பொருளே அதன் இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணம்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்குப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுத்து, அவற்றின் போக்கு வரவை ஆராய்ந்துள்ளனர். 2002ஆம் ஆண்டில் இப்பகுதி, ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. மேற்கே முத்துப்பேட்டை வரை நீளும் சதுப்புநிலமும் ஆங்குள்ள அலையாத்திக் காடும் இதனோடு சேர்ந்தவையே. ஒருநாள் கூடுதலாகக் கிடைப்பின், முத்துப்பேட்டையில் படகேறி அலையாத்திக் காட்டைக் கண்டு வரலாம்.

உப்பளம்

சுற்றுலா வருவோர் பலரும் நின்று பாராது கடந்து செல்லும் இடம் உப்பளம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. நீரைப் படிப்படியாகப் பல பாத்திகளில் தேக்கி வெயிலில் காயவிடுகின்றனர். முதலில் சுண்ணாம்பும், பின்பு ஜிப்சமும் படிந்து பிரிகின்றன. அதன்பின் கடைசிப் பாத்திகளில் சமையலுப்பு விளைகிறது. கசப்பான மக்னீசிய உப்புகள் நீரிலேயே தங்கிவிடும். உரிய நேரத்தில் அந்நீரை வடிக்காவிடில் உப்பும் கசக்கும். நம் வேதியியல் பாடநூலில் பின்னப் படிகமாக்கல் என்று படிப்பதை, பள்ளி வாயிலை மிதியாதவரும் இங்குக் கைத்தொழிலாகச் செய்கின்றனர்.

நாங்கள் சென்றபோது பாத்தியின் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தனர். உவர்நீரில் நின்று நின்று வெடித்த பாதங்களைக் கண்டோம். வெண்ணிற உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணையும் கெடுக்கும் என்றனர். அவர்களுள் முதிய அம்மையார் ஒருவரிடம், "மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் அம்மா?" என்று கேட்டோம். "மழை பேஞ்சா பறவைக்குச் சோறு, வெயில் அடிச்சா எங்களுக்குச் சோறு. அப்ப நாங்க கூலி வேலை தேடி அலைவோம் தம்பி" என்றார்.

அவர் கூறியதில் இந்நிலத்தின் இயற்கை முழுவதும் அடங்கியுள்ளது. வடகிழக்குப் பருவமழை பெய்ததும் சதுப்பின் உவர்ப்புக் குறைகிறது, மீனும் சிற்றுயிரும் பெருகுகின்றன, பறவைகள் வருகின்றன. கோடையில் நீர் வற்றி உவர்ப்பு ஏறுகிறது, பறவைகள் அகல்கின்றன, உப்பு விளைகிறது. ஒரே பகுதி ஆண்டின் ஒரு பாதியில் புள்ளையும், மறுபாதியில் மனிதரையும் ஊட்டுகிறது. ஆனால் பறவைக்குப் பருவந்தோறும் பறந்து செல்ல நாடுண்டு. உப்பளத் தொழிலாளிக்கு இல்லை. அவரது மழைக்காலப் பசி நம் சிந்தனைக்கு உரியது.

உப்பும் விடுதலையும்

இதே உப்பை அள்ளியதற்காகச் சிறை சென்றோர் உண்டு. 1930 ஏப்ரல் 13ஆம் நாள், இராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு திருச்சிராப்பள்ளியிலிருந்து நடைப்பயணம் தொடங்கினார். அன்றைய தஞ்சை ஆட்சித்தலைவர் தார்ன் என்பார், தொண்டர்க்கு உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் என எச்சரித்தார். மக்களோ உணவுப் பொட்டலங்களை வழிநெடுக மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர்! 28ஆம் நாள் வேதாரணியம் அடைந்த தொண்டர்களைச் சர்தார் வேதரத்தினம் பிள்ளை வரவேற்றார். 30ஆம் நாள் உப்பள்ளிய இராஜாஜி சிறைப்படுத்தப்பட்டார். அகத்தியம்பள்ளியில் உள்ள நினைவுத்தூண் இதற்குச் சான்றாக நிற்கிறது. வேதரத்தினம் பிள்ளை 1946இல் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தையும் வேதாரணியத்தில் காணலாம்.

திருக்கோயிலும் கலங்கரை விளக்கமும்

வேதாரணியத்தின் பழந்தமிழ்ப் பெயர் திருமறைக்காடு. மறைகள் பூசித்து அடைத்துச் சென்ற கோயில் கதவை அப்பர் பாடித் திறந்தார். சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது வரலாறாக வழங்குவது. திருவிளையாடற் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவர் பிறந்த ஊரும் இதுவே. கோடிக்கரையில் குழகர் கோயிலும், மேட்டின்மேல் அமைந்த இராமர் பாதமும் காணத்தக்கன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தோர்க்குப் பூங்குழலியின் நினைவு வாராமல் இராது. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கம் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் சிதைந்தது. எஞ்சிய கட்டுமானம் கடலின் ஆற்றலை நமக்கு உணர்த்துகிறது.

செல்வோர்க்குச் சில குறிப்புகள்

1. மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. விடியலும் மாலையும் காட்டுக்கு. நண்பகல் கோயிலுக்கும் நினைவிடங்களுக்கும்.
2. வனத்துறையின் இசைவு பெற்றே காட்டினுள் செல்க.
3. குடிநீர் கொண்டு செல்க. கொண்டு சென்ற நெகிழிப் பைகளைத் தவறாது திரும்பக் கொணர்க.
4. இருகண் நோக்கியும் குறிப்பேடும் உடன் இருக்கட்டும்.
5. உப்பளத்தில் பாத்தி வரப்புகளை மிதித்துச் சிதைக்காதீர், கேட்டு நடப்பீர்.

முடிவுரை

ஓரிடத்தைக் கண்டோம் என்பதற்கு அங்கு நின்று எடுத்த நிழற்படம் சான்றாகாது. அங்குள்ள உயிர்கள் எதனை உண்கின்றன, எந்நீரைப் பருகுகின்றன, எதற்கு அஞ்சுகின்றன என்று அறிந்தோமா என்பதே வினா. முதல்நாள் நாங்கள் கோடிக்கரைக்குப் போனோம்; மறுநாள்தான் கோடிக்கரையைக் கண்டோம். இவ்வாண்டு செல்லவிருக்கும் இளைய மாணவர்கள், முதல்நாளே காணும் பேறு பெறுவாராக!

— மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு