பழைய வீடும் புதிய கடனும்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. செலவு இவ்வளவுதான் என்று முன்கூட்டி அறுதியிட்டுக் கூற இயலாத காரியங்கள் இவ்விரண்டும் என்பது அதன் கருத்து. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக் கொள்ளலாம். பழைய வீட்டைப் பழுது பார்த்தலே அது. புது வீடு கட்டுவோர் வெறும் மனையில் தொடங்குகின்றனர். எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்டு, எத்தனை ஆள் என்று அவர்கள் தாளில் எழுதிக் கூட்டிவிட முடியும். பழைய வீட்டிலோ செலவின் பெரும்பகுதி சுவருக்குள்ளும் ஓட்டுக்கு அடியிலும் மறைந்து கிடக்கிறது. உடைத்துப் பார்த்த பின்னரே அது கண்ணுக்குப் புலனாகும்.

நம் அங்கத்தினர்களுக்கு இது குடியிருப்பைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. நெசவாளர்க்கு வீடே தொழிற்சாலை. தறி நிற்கும் கூடம் ஒழுகினால் பாவு கெடும், தறிக்குழியில் நீர் ஊறினால் வேலை நிற்கும். உழவர்க்கு வீடே களஞ்சியம். ஈரச் சுவரில் சார்த்தி வைத்த நிலக்கடலை மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். அப்பூஞ்சைகளில் சில நஞ்சை உண்டாக்குவன. அந்தக் கடலை உண்பதற்கும் தகாது, விலைக்கும் போகாது. ஆகவே வீட்டைச் செப்பனிடக் கடன் வாங்குதல் நியாயமே. வாங்கிய கடன் பாதி வேலையில் தீர்ந்து, கூரை திறந்து கிடக்கும் நிலையில் ஐப்பசி மழை வந்து சேர்வதுதான் துன்பம். அத்துன்பத்தைத் தவிர்க்கும் வழியை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

நான்கு பொருள்கள்

செஞ்சி வட்டாரத்துத் தளவானூரில் குன்றைக் குடைந்து ஆக்கிய சத்துருமல்லேசுவராலயம் என்னும் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அமைத்தது அது. அதே வட்டாரத்து மண்டகப்பட்டில் அம்மன்னன் குடைவித்த வேறொரு கோயில் உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றிப் பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் அதனை எடுப்பித்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. கட்டடம் என்றால் அந்நான்கு பொருள்களே அக்காலத்தவர் நினைவுக்கு வந்தன என்பது இதனால் பெறப்படும். கல்லில் குடைந்தவை சுமார் 1,400 ஆண்டுகளாக நிற்கின்றன.

நாம் குன்றைக் குடைந்து குடியிருக்க இயலாது. நம் வீடுகள் மன்னன் விலக்கிய அந்நான்கு பொருள்களாலும் ஆனவை. அவற்றைப் பழுது பார்க்கும்போது எதிர்ப்படும் வியப்புகளும் அந்நான்கிலிருந்தே தோன்றுகின்றன. ஒவ்வொன்றாக நோக்குவோம்.

சுண்ணாம்பு: சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. நீற்றிக் குழைத்துச் சுவரில் பூசிய பின், அது காற்றிலிருந்து அவ்வாயுவை மீண்டும் ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. அவ்வாறு இறுகிய பூச்சில் நுண்துளைகள் உண்டு. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஓதம் அத்துளைகளின் வழியே வெளியேறி உலர்ந்துவிடும். இத்தகைய சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சு இட்டால் ஓதம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, இன்னும் உயரமாக ஏறும். நாளடைவில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து விழும். வீட்டுக்காரர் கொத்தனாரைக் குறை கூறி மறுபடியும் சிமெண்டே பூசுவார், செலவு இரட்டிக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே ஏற்றது. ஆனால் அதிலும் ஒரு வியப்பு உண்டு. சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பக்குவப்படுத்தப் பல நாள் ஆகும். அவ்வேலை அறிந்த கொத்தனார் இந்நாளில் அரியர், கூலியும் மிகுதி. பொருள் மலிவாகக் கிடைப்பினும் காலமும் கூலியும் கணக்கில் ஏறும்.

மரம்: நடுவில் பார்த்தால் உத்திரம் உறுதியாகவே தோன்றும். சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் நுனியைத்தான் ஈரமும் கறையானும் முதலில் அரிக்கின்றன. சுத்தியல் காம்பால் தட்டிப் பார்த்தால் உள்ளீடற்ற மரம் வேறு ஒலி எழுப்பும். கூர்மையான குத்தூசி அதில் எளிதாக இறங்கும். ஓடு மாற்றுவதற்கு முன்னரே கைமரம், உத்திரம் ஆகிய ஒவ்வொன்றின் இரு நுனிகளையும் இவ்வாறு சோதித்தல் வேண்டும். நுனி மட்டும் கெட்டிருந்தால் அப்பகுதியை அறுத்துவிட்டு ஒட்டு மரம் சேர்க்கவும் தாங்கு கொடுக்கவும் தேர்ந்த தச்சரால் முடியும். முழு உத்திரத்தையும் மாற்றுவதைவிட இது பன்மடங்கு சிக்கனமாகும்.

உலோகம்: இரும்பு துருப்பிடிக்கும்போது பருமன் மிகும். முன்பு சேர்த்துக் கட்டிய காங்கிரீட்டுத் தளத்தில் ஈரம் புகுந்து கம்பி துருப்பிடித்தால், அது தன்னைச் சூழ்ந்த காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். வெடிப்பை மட்டும் சாந்தால் அடைப்பது பயன் தராது. துருவை நீக்கிக் கம்பியைச் சீர்ப்படுத்திய பின்னரே அடைத்தல் வேண்டும். மின் கம்பிகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இரண்டு விளக்குகளுக்காக என்றோ இழுத்த கம்பியில் இன்று மின்விசிறி, குளிர்ப்பெட்டி, நீர் இறைக்கும் மோட்டார் யாவும் ஓடுகின்றன. கம்பி மாற்றுவதற்குச் சுவரில் காடி வெட்ட வேண்டும். பூச்சு வேலைக்குப் பின் இது நினைவுக்கு வந்தால் பூசிய சுவரையே மீண்டும் உடைக்க நேரிடும்.

செங்கல்: பழைய நாட்டுச் செங்கல் இக்காலச் செங்கல்லினும் மெல்லியது, இரண்டும் வரிசையில் ஒத்துப் போவதில்லை. இரண்டடிக் கனமுள்ள சுவர் என்று நம்பி உடைத்தால் இருபுறமும் செங்கல், நடுவே மண்ணும் உடைகல்லும் நிரப்பியிருப்பதும் உண்டு. இத்தகைய சுவரையும் அதன் கடைக்காலையும் நம்பி மாடி எழுப்புவது உயிருக்கே இடர் விளைப்பதாகும். அடுத்த வீட்டாருக்கும் பொதுவான சுவரானால், அவருடைய எழுத்துமூலமான சம்மதம் பெறாமல் கடப்பாரையைத் தொடுதல் கூடாது.

நான்கையும் கெடுப்பது ஒன்றே

மேற்கூறியவற்றைக் கூர்ந்து நோக்கின், சுண்ணாம்பை உதிர்ப்பதும், மரத்தை மக்கச் செய்வதும், இரும்பைத் துருவேற்றுவதும், மண் சாந்தைக் கரைப்பதும் நீரே என்பது விளங்கும். 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய மழை ஒரு வீட்டின் மறைவான குறைகள் அனைத்தையும் ஒரே இரவில் வெளிப்படுத்திவிடும்.

பெரிய கட்டடங்களுக்கும் இவ்விதியினின்று விலக்கில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் 29-இல், அடைமழையின்போது இடிந்து வீழ்ந்தது. அதனைச் செப்பனிட வேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே எழுந்திருந்தது. பின்னர் உலக வங்கியின் உதவியோடு அதே இடத்தில், பழைய தோற்றத்திலேயே முற்றிலும் புதிதாகக் கட்டி, 2021-இல் திறந்தனர். பழுது பார்க்க வேண்டிய காலத்தில் பாராமற் போனால் செலவு எந்த அளவுக்கு வளரும் என்பதற்கு இது சான்று. ஆனால் நம் அங்கத்தினர் ஒருவருடைய வீடு விழுந்தால் அதனை எழுப்ப உலக வங்கி வாராது.

ஆகவே வேலையின் வரிசை இவ்வாறு அமைதல் வேண்டும்: முதலில் கூரையும் தளமும்; இரண்டாவது முற்றத்து நீரும் கூரை நீரும் வடிந்தோடும் வழி; மூன்றாவது உத்திரமும் சுவரும்; நான்காவது மின் கம்பியும் குழாயும்; ஐந்தாவது பூச்சும் தரையும்; இறுதியாக வெள்ளையடிப்பு. பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். விருந்தினர் கண்ணில் படும் தரைக்கும் வண்ணத்துக்கும் முதலில் பணம் போய்விடுகிறது; கூரைக்கு வரும்போது கையில் ஒன்றும் இல்லை. தை பிறந்தவுடன் தொடங்கி ஆடிக்குள் கூரை வேலையை முடித்தல் நம் பகுதிக்கு ஏற்றது.

உடைக்கும்போது கவனிக்க வேண்டுவன

தாழ்வாரத்திலோ மாட்டுக் கொட்டகையிலோ பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதனை உடைத்து நொறுக்குதல் கூடாது. அதன் நுண்ணிழைகள் மூச்சோடு சென்று நுரையீரலைக் கெடுக்கும். நீர் தெளித்து நனைத்து, முழுத் தகடாகக் கழற்றல் வேண்டும். கதவிலும் சன்னலிலும் உள்ள பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும். வண்ணப்பூச்சில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2017 நவம்பர் முதல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பழைய வண்ணத்தைச் சுரண்டும் தூசி குழந்தைகளுக்குப் பெருங்கேடு. அவ்வேலை நடக்கும் நாட்களில் அவர்களை வேறிடத்தில் இருக்கச் செய்தல் நலம்.

வியப்புகள் யாவும் நட்டமாகவே அமைவதில்லை. வண்ணத்துக்கு அடியில் உயர்ந்த தேக்கு வெளிப்படலாம். தூண், நிலை, கதவு முதலியவற்றுக்குப் பழைய மரக் கடைகளில் நல்ல விலை உண்டு. ஆதலின், இடிபொருள் யாருக்கு உரியது என்பதை ஒப்பந்தக்காரரோடு முதலிலேயே எழுதிக் கொள்ள வேண்டும். மரங்களை எண்ணி அளந்து குறித்து வைத்தலும் வேண்டும்.

கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இதிலுள்ள தொகைகள் கணக்கு விளங்குவதற்காகக் கொண்டவை. ஒரு நெசவாளர் வீட்டில் கண்ணுக்குத் தெரியும் பழுதுகளுக்குக் கொத்தனார் இட்ட மதிப்பு ரூ.2,00,000. மறைவான பழுதுகளுக்கென அதில் நான்கில் ஒரு பங்கு சேர்த்தல் வேண்டும், அது ரூ.50,000. தறியைக் கழற்றி வைத்திருக்கும் எட்டு வாரங்களுக்கு, வாரம் ரூ.3,000 வீதம் வருமான இழப்பு ரூ.24,000. தங்குவதற்கும் பாவு, நூல் முதலியவற்றைப் பாதுகாத்து வைப்பதற்கும் வாடகை, வண்டிச் சத்தம் ரூ.10,000. ஆக மொத்தம் ரூ.2,84,000.

இவர் ரூ.2,00,000 மட்டும் கடன் வாங்கித் தொடங்கினால், எஞ்சிய ரூ.84,000 நடு வேலையில் தேவைப்படும். அப்பொழுது யோசிக்கவோ பேரம் பேசவோ நேரம் இராது. வெளியாரிடம் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு அத்தொகையை வாங்கினால் ஆண்டு வட்டி ரூ.30,240. சங்கத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு 12 ரூபாய் என்று கொண்டால் வட்டி ரூ.10,080. முன்யோசனை இன்மைக்கு இவர் செலுத்தும் அபராதம் ஓராண்டில் ரூ.20,160. சுவருக்குள் இருந்த பழுது இவரால் வந்ததன்று. ஆனால் இந்த அபராதம் தவிர்க்கக் கூடியது.

அதற்கு வழி, கடன் மனு எழுதுமுன் வீட்டைத் திறந்து பார்த்தலே. ஒரு கொத்தனார்க்கும் ஒரு தச்சர்க்கும் ஒரு நாள் கூலி கொடுத்து, ஐயத்துக்குரிய ஐந்தாறு இடங்களில் ஓட்டை எடுத்தும் பூச்சைச் சுரண்டியும் காணச் செய்யுங்கள். மழை நாளில் ஒழுகும் இடங்களைக் கரித்துண்டால் குறித்து வையுங்கள். இவ்வாறு கண்டதை எழுதி மனுவோடு இணைத்தால், கடன் தேவையை நிர்வாகக் குழு சரியாக எடைபோட இயலும். தொகையை ஒரே தவணையில் பெறாமல், கூரை முடிந்தபின் ஒன்று, சுவர் முடிந்தபின் ஒன்று எனப் பிரித்துப் பெறுதல் இருதரப்புக்கும் நலம். மறைவான பழுதுகளுக்கென ஒதுக்கிய தொகை செலவாகாமல் எஞ்சினால் அதனைப் பெற வேண்டியதில்லை. அதற்கு வட்டியும் இல்லை. கடன் வசதி போதாதெனத் தெரிந்தால், இவ்வாண்டு கூரையும் வடிகாலும் மட்டும் செய்து ஏனையவற்றை நிறுத்தி வைப்பது அறிவுடைமை. ஒழுகாத வீடு வெள்ளையடிக்காமல் பல ஆண்டு காத்திருக்கும்.

சேர்ந்து செய்தல்

புதுச்சேரி வைசியாள் வீதியில் 2002-க்குப் பின் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித் திட்டமொன்றின் கீழ், இன்டாக் நிறுவனத்தின் வழிகாட்டலோடு, வரிசையாகப் பல பழைய வீடுகளின் முகப்பைச் செப்பனிட்டனர். வீட்டுக்காரர்களும் செலவில் பங்கேற்றனர். நம் தெருக்களுக்கு அத்தகைய உதவி வாராதிருக்கலாம். ஆயினும் சேர்ந்து செய்தல் என்னும் வழி நமக்குப் புதிதன்று. ஒரே தெருவில் ஐந்து அங்கத்தினர்கள் ஒரு பருவத்தில் வேலை தொடங்கினால், சுண்ணாம்பை ஒரே சுமையாக வரவழைக்கலாம். வேலை தெரிந்த கொத்தனாரை வெளியூரிலிருந்து அழைத்துத் தங்கச் செய்யலாம். சாரமரமும் பலகையும் வீட்டுக்கு வீடு மாற்றிக் கொள்ளலாம். ஒருவர் வீட்டில் தறி நிற்கும்போது அவர் பாவை மற்றொருவர் கூடத்தில் ஏற்றி நெய்ய இடம் கொடுக்கலாம். நூலையும் உரத்தையும் சேர்ந்து வாங்கக் கற்ற நமக்கு இது அரிய செயலன்று.

படிப்பு வட்டத்துக்கு வினாக்கள்

1. உங்கள் வீட்டில் ஓதம் ஏறிய சுவர் எது? அந்நீர் தரையிலிருந்து வருகிறதா, கூரையிலிருந்து வருகிறதா?

2. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசுவதால் நேரும் கேடு யாது?

3. மேலே தந்த கணக்கை உங்கள் வீட்டுக்குப் பொருத்தி எழுதுக. தொழில் நிற்கும் நாட்களின் இழப்பை விடாமல் சேர்க்க.

4. உங்கள் தெருவில் வருகிற தை மாதம் சேர்ந்து வேலை தொடங்கக் கூடிய அங்கத்தினர்கள் எத்தனை பேர்?