விளைச்சலை அளந்த நிறுவனம்

கரோல் பாக்கிலிருந்து மேற்கே செல்லும் சாலைக்குப் பூசா சாலை என்று பெயர். பூசா என்பது தில்லிக்குரிய பெயரன்று. பீகாரிலுள்ள ஓர் ஊரின் பெயர். அவ்வூரில் 1905ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்தது. 1936இல் அது தில்லிக்கு இடம்பெயர்ந்தபோது ஊர்ப்பெயரும் உடன் வந்துவிட்டது. சொந்த ஊரின் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமந்து வாழ்வது நம்மவர்க்குப் புதிதன்று.

அவ்வளாகத்தில்தான் இந்திய வேளாண் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ளது. 1930இல் வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் ஒரு பிரிவாக அது பிறந்தது. தொடக்கக் காலத்தில் எம். வைத்தியநாதன் அதன் புள்ளியியலாளராகப் பணியாற்றினார். இலண்டனில் புள்ளியியல் பயின்று திரும்பிய பி. வி. சுகாத்மே 1940இல் பொறுப்பேற்றபின் அதன் பணி விரிந்தது.

அக்காலத்தில் நாட்டின் விளைச்சல் எவ்வாறு கணக்கிடப்பட்டது? கர்ணம் வயல்வரப்பில் நின்று பயிரைப் பார்ப்பார். ‘எட்டணா விளைச்சல்’ என்று எழுதுவார். இயல்பான விளைச்சலைச் சில மாகாணங்கள் 16 அணாவாகக் கொண்டன. வேறு சில 12 அணாவாகக் கொண்டன. கண்மதிப்பே கணக்காயிற்று. 1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்து இலட்சக்கணக்கானோர் மாண்டபோது, எவ்வளவு நெல் விளைந்தது என்பதற்கு நம்பத்தக்க கணக்கு அரசிடம் இல்லை.

சுகாத்மேயும் அவர்தம் குழுவினரும் வேறு வழியை மேற்கொண்டனர். ஊர்களையும் வயல்களையும் குலுக்கல் முறையில் தெரிவு செய்தனர். செழித்த வயலையோ வாடிய வயலையோ அலுவலர் தம் விருப்பப்படி எடுத்துக்கொள்ள அதில் இடமில்லை. வயலுக்குள் ஒரு துண்டை அளந்து, கதிரறுத்து, அடித்து, தானியத்தை எடை போட்டனர். இதுவே பயிர் அறுவடைப் பரிசோதனை.

அத்துண்டு எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும் என்பதில் பெரும் விவாதம் எழுந்தது. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ் மிகச் சிறிய துண்டுகளைப் பயன்படுத்தினார். செலவு குறையும்; பல இடங்களில் அறுக்கலாம். ஆயினும் சிறு துண்டுகள் விளைச்சலை மிகைப்படுத்திக் காட்டுகின்றன எனச் சுகாத்மே 1946இல் எடுத்துரைத்தார். எல்லைக்கோட்டின்மேல் நிற்கும் பயிரை அறுப்பவர் உள்ளே சேர்த்துக்கொள்வதே வழக்கம். ஒரு மீட்டர் சதுரத்தில் 1 சதுர மீட்டர் நிலத்துக்கு எல்லை 4 மீட்டர். பத்து மீட்டர் சதுரத்தில் 100 சதுர மீட்டருக்கு எல்லை 40 மீட்டர். அதாவது சதுர மீட்டருக்கு 0.4 மீட்டரே. எல்லை குறையக் குறையப் பிழையும் குறையும். இவ்வளவு எளிய காரணத்தை இரு பேரறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்தனர் என்பது வியப்பே. இருவரிடமும் தக்க நியாயம் இருந்தது.

இப்பிரிவு 1955இல் பூசா வளாகத்துக்கு வந்தது. 1959இல் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1958இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றிருந்தமையால், அதனுடன் இணைந்து 1964இல் முதுகலை, முனைவர் பட்ட வகுப்புகள் தொடங்கப்பெற்றன. அதே ஆண்டில் ஐ.பி.எம். 1620 கணிப்பொறியும் வந்து சேர்ந்தது. இப்போதைய பெயர் 1978இல் சூட்டப்பட்டது. பான்சேயும் சுகாத்மேயும் எழுதிய பாடநூல் வேளாண் கல்லூரிகளில் பல தலைமுறையினருக்குப் பயன்பட்டது.

இன்றும் தமிழ்நாட்டு நெல்வயல்களில் இப்பரிசோதனை நடைபெறுகிறது. 2016 முதல் நடைமுறையிலுள்ள பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பயிர் பொய்த்த உழவருக்கு இழப்பீடு கிடைப்பது இவ்வெடையைப் பொறுத்தது. துண்டின் விளைச்சல் சற்றே மிகையாகக் காட்டப்பட்டாலும் அப்பகுதி உழவர் அனைவரும் இழப்பீட்டை இழக்க நேரிடும்.

பயிற்சி

1. ஐந்து மீட்டர் சதுரத் துண்டில், ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு எல்லை எவ்வளவு?

2. கண்மதிப்பு, குலுக்கல் முறை: இவற்றின் வேறுபாட்டை நான்கு வரிகளில் எழுதுக.

3. பிரித்து எழுதுக: அவ்வளாகம், ஊர்ப்பெயர், இவ்வெடை.

4. மரக்கால், கலம், மூட்டை: உங்கள் சொந்த ஊரில் நெல்லை எதனால் அளந்தனர்? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.