விண்மீனைச் சூழ்ந்த வளிவட்டு

‘கோள்’ என்னும் சொல் ‘கொள்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. கதிரவனின் ஒளியைக் கொண்டு விளங்குவதால் கோள் எனப் பெயர் பெற்றது என்பர். இற்றை வானியல் இச்சொல்லுக்குப் பிறிதொரு பொருத்தத்தையும் காட்டுகின்றது. வியாழன் போன்ற பெருங்கோள், இளம் விண்மீனைச் சூழ்ந்து சுழலும் வட்டிலிருந்து வாயுவைக் கொண்டே வளர்கின்றது. (வாயு வட்டு என்பதினும் வளிவட்டு என்பதே நமக்கு உவப்பானது.) இவ்வட்டின் நிறையில் தூசி ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே, எஞ்சியது வளி. அதுவும் நிலைப்பதன்று. பெரும்பாலும் ஒரு கோடி ஆண்டுகளுக்குள் விண்மீனில் வீழ்ந்தோ வெளியில் சிதறியோ மறைந்துவிடும். அதற்குள் கொள்ளாத கோள் பின்னர்க் கொள்ள இயலாது.

இவ்வளியை அறிவது எங்ஙனம்? 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையின் செந்நிறத்திற்கு அப்பால் வெப்பமானியை வைத்து அறிந்த அகச்சிவப்புக் கதிரே இங்குத் துணை செய்கின்றது. வெம்மையுற்ற மூலக்கூறுகள் அதிர்ந்தும் சுழன்றும் தத்தமக்குரிய அலைநீளங்களில் இக்கதிரை உமிழ்கின்றன. கார்பன் மோனாக்சைடு 4.7 மைக்ரோமீட்டரை ஒட்டி வரிசையாகக் கோடுகளை இடும். எழுத்தின் வடிவு கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிப்பார்போல, கோட்டின் வடிவு கொண்டு வளியின் இடத்தைக் கணிக்கின்றனர் ஆய்வாளர். நம்மை நோக்கி வரும் வளியின் கோடு குறுகிய அலைநீளப் பக்கமும், விலகிச் செல்வதன் கோடு நெடிய பக்கமும் நகரும். அண்மையில் சுற்றுவது விரைந்து சுற்றும் என்பது நம் கதிரவன் குடும்பத்திலேயே காணத்தக்கது: புவியின் வேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர், நெப்டியூனுக்கோ 5 கிலோமீட்டர் அளவே. எனவே உள்வட்டின் கோடு அகன்றும் வெளிவட்டின் கோடு ஒடுங்கியும் தோன்றும்.

வளியின் நிறையை அளப்பதே கடினம். அதன் பெரும்பகுதியாகிய ஹைட்ரஜன், குளிர்நிலையில் கதிரை உமிழ்வதில்லை எனலாம். ஆயின் அதன் ஈரணுக்களுள் ஒன்று டியூட்டீரியமாயின் 112 மைக்ரோமீட்டரில் உமிழும். ஏறத்தாழ 196 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள டி.டபிள்யூ. ஹைட்ரே என்னும் விண்மீனின் வட்டில், ஹெர்ஷல் பெயர் தாங்கிய விண்தொலைநோக்கி அக்கோட்டைக் கண்டது. அவ்வட்டின் நிறை வியாழனைப்போல் ஐம்பது மடங்கிற்கும் மிகும் என 2013இல் வெளியான ஆய்வு கணித்தது. பின்வந்த கணிப்புகள் அதனைக் குறைத்துரைக்கின்றன. ஒரே கோட்டிலிருந்து நிறையைக் கூற, வட்டின் வெப்பநிலையும் தெரிந்திருத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை ஆய்வின் குறையெனக் கொள்ளாது, அதன் நேர்மையெனவே நாம் கொள்கின்றோம்.

புவியின் காற்றிலுள்ள நீராவி, அகச்சிவப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பிற விண்மீன்களின் நீராவியைக் காண விண்வெளிக்கே செல்லவேண்டியுள்ளது. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, ஏறத்தாழ 370 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பி.டி.எஸ். 70 என்னும் விண்மீனை ஆய்ந்தது. அதன் வட்டிலுள்ள இடைவெளியில் இரு பெருங்கோள்கள் உள்ளன. அவ்விடைவெளிக்கும் உள்ளே, புவி போன்ற பாறைக்கோள்கள் தோன்றக்கூடிய பகுதியில், நீராவியின் கோடுகள் காணப்பெற்றமை 2023இல் வெளியாயிற்று.