பிந்தி வரும் மழை

குளிர்நாட்டுச் சிறுமியர் பனி உருகாதா, வசந்தம் வாராதா என்று சாளரத்தருகே ஏங்கி நிற்பராம். நமது ஏக்கம் வேறு. பங்குனியில் தொடங்கும் வெயில் சித்திரையில் கத்திரியாகக் கொளுத்துகிறது. ஆடி போய் ஆவணி, புரட்டாசி வந்தும் சில ஆண்டுகளில் அது தணிவதில்லை. ஊருணி வறண்டு, கிணறு அடிமட்டம் காட்டும்போது, "இந்த வானத்துக்கு இரக்கமே இல்லையா?" என்று சலித்துக்கொள்கிறோம். சலிப்பு இயல்பே. ஆயினும், மழை ஏன் பிந்துகிறது, அதுவரை நாம் செய்யத்தக்கது யாது என அறிதல் நன்று.

மழை ஏன் பிந்துகிறது?

சூன் தொடக்கத்தில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. அக்காற்றின் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. மலைமறைவிலுள்ள புதுக்கோட்டைச் சீமைக்கு அவ்வப்போது மாலை இடிமழை கிட்டும். கண்மாய் நிறைவதற்கு நாம் பெரிதும் நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையையே.

சூரியன் தெற்கே சாயச் சாய, வடஇந்திய நிலப்பரப்பு குளிர்கிறது. தென்மேற்குக் காற்று பின்வாங்குகிறது. பின்னர் காற்று திசைமாறி, வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வடகிழக்கிலிருந்து வீசுகிறது. இது வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி நிகழும். தென்மேற்குக் காற்று விடைபெறத் தாமதித்தால் நமது மழையும் தாமதிக்கும்.

2016 தந்த பாடம்

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 30-இல்தான் தொடங்கியது. பத்து நாள் தாமதம் மட்டுமாயின் பொறுத்திருக்கலாம். வந்த மழையும் நிலைக்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகம் பெறவேண்டியது ஏறத்தாழ 440 மி.மீ. பெய்ததோ 168 மி.மீ. மட்டுமே. 2017 சனவரி 10-இல் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

விளைச்சல் பொய்த்தால் அத்துன்பம் வயலோடு நிற்பதில்லை. நெல்லை நம்பி வாங்கிய கடன் வளர்கிறது. தாயின் நகை அடகுக்குப் போகிறது. தண்ணீர்க் குடம் பெண்பிள்ளையின் இடுப்பிலேறி, அவள் படிக்கும் நேரத்தைத் தின்றுவிடுகிறது.

முன்னோர் கண்ட வழி

நம் மாவட்டத்தில் ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு இல்லை. வெள்ளாறும் மழை பெய்தால்தான் ஓடும். கல்லணைக் கால்வாய் ஒரு பகுதிக்கே பயன் தருகிறது. ஆதலால் நம் முன்னோர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களையும் ஏந்தல்களையும் வெட்டி வைத்தனர். ஒரு கண்மாய் நிறைந்தால் மிகுநீர் கலிங்கு வழியே அடுத்ததற்குச் செல்லும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழேயுள்ள ஊர் வாடும். வரத்துவாரியில் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தால், மழை உரிய நாளில் வந்தும் பயனில்லை!

எனவே கோடை வெறுங்காலமன்று, அது வேலைக்காலம். கண்மாய் காய்ந்திருக்கும்போதுதான் கரம்பை மண்ணை வெட்டி வயலில் சேர்க்கலாம், மடையைச் செப்பனிடலாம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து உழைத்த இவ்வழக்கமே குடிமராமத்து. 2019-இல் கொத்தமங்கலம் வட்டார இளைஞர்கள் தங்கள் ஊர்க் குளங்களைத் தூர்வாரத் தாமே முன்வந்தது நமக்குப் பெருமை தரும் செய்தி.

மழை மிகப் பிந்தினால் நீண்டகால நெல்லைத் தவிர்த்து, குறுகிய காலப் பயிரை நாடலாம். நம் வம்பனிலுள்ள பயறு ஆராய்ச்சி மையம் தந்த உளுந்து வகைகள் 65 முதல் 75 நாள்களில் விளைகின்றன.

நாம் செய்யக்கூடியவை

மண்வெட்டி பிடிக்கும் வயது வரவில்லையே என்று எண்ணவேண்டாம். 2003 முதல் தமிழகத்தில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நம் வீட்டுக் குழாயில் சருகு அடைத்துள்ளதா என்று புரட்டாசிக்குள் பார்த்துவிடுவோம். சொட்டும் குழாயை இறுக்குவோம். நேரான பக்கங்களையுடைய பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, ஒவ்வொரு மழையையும் அளவுகோலால் அளந்து குறிப்போம். பத்தாண்டு கழித்து அக்குறிப்பேடு நம் ஊருக்கு ஒரு செல்வமாகும்.

காற்றைத் திருப்ப நம்மால் இயலாது. வாய்க்காலைத் திருத்த இயலும். மழை வரும் நாளை வானம் முடிவுசெய்யட்டும். வந்த மழை நம் ஊரில் தங்குமா என்பதை நாம் முடிவுசெய்வோம்.