பெட்ரோல் எங்கே போகிறது?
பழைய லோடு வேனுக்கு டைமிங், கார்புரேட்டர் சரி பார்க்கும் முறை



குழுக் கடனில் பழைய வண்டி வாங்கி ஓட்டும் உறுப்பினர்கள் நம்மிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "வண்டி பெட்ரோலைக் குடிக்குதுங்க. மேட்டுல இழுக்க மாட்டேங்குது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனா கார்புரேட்டரை மாத்துங்கறாங்க." இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

"ஸ்டியரிங்கையே தொடாத நமக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். ஓட்டுவது யாராக இருந்தாலும் தவணை கட்டுவது நாம். பட்டறையில் பணம் கொடுப்பதும் நாம். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்போமே!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது கார்புரேட்டர் உள்ள பழைய பெட்ரோல் வேன், ஜீப், கார்களுக்கான பாடம். டீசல் வண்டியில் கார்புரேட்டரும் இல்லை, தீப்பொறி பிளக்கும் இல்லை. பிற்காலப் பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அவற்றுக்கு முறை வேறு.

ஒரு குழுவில் நடந்தது

2007-ல் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழு, ஊறுகாயும் வாழைத்தாரும் சந்தைக்கு ஏற்றிப் போகப் பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கியது. ஓட்டியவர் அதே குழு உறுப்பினர் ஒருவரின் கணவர். மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, சில மாதங்களில் 11-க்கு இறங்கியது. 60 லிட்டர் போட்ட இடத்தில் 82 லிட்டர். மாதம் 22 லிட்டர் எங்கே போனது?

கூட்டத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "பெட்ரோல் தானா ஆவியாப் போகுமா? ஓட்டுறவரைக் கேளுங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டார். ஓட்டுநரின் மனைவி பதில் பேசவில்லை. அடுத்த இரண்டு வாரம் கூட்டத்துக்கும் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தவர், "நோட்டைக் கொண்டாங்கக்கா. அதைப் பாத்துட்டு அப்புறம் என்ன வேணா சொல்லுங்க" என்றார்.

ஊக்குநர் பெட்ரோல் நோட்டையும் செலவு வவுச்சர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு தேதி வரைக்கும் 15. பிறகு 12. அந்தத் தேதிக்கு முந்தின நாள் ஒரு வவுச்சர்: "பாயிண்ட் மாற்றியது". அதற்கு அடுத்த மாதம் இன்னொன்று: "கார்புரேட்டர் ஜெட் மாற்றியது". அதன்பின் 11. ஓட்டியவர் மாறவில்லை, போன பாதையும் மாறவில்லை. பட்டறைக்குப் போய் வந்த நாள்களில்தான் மைலேஜ் மாறியிருக்கிறது.

என்ன கோளாறு என்று புரிய, எஞ்சினுக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

காற்று, பெட்ரோல், தீப்பொறி

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. பத்தடிக்குப் பத்தடி அறையில் இருக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு! இந்தக் காற்றில் பெட்ரோலை அளவாகக் கலந்து அனுப்புவதுதான் கார்புரேட்டரின் வேலை. பெட்ரோல் கூடினால் கரும்புகை வரும், மைலேஜ் விழும். குறைந்தால் வண்டி திக்கும், எஞ்சின் சூடேறும்.

கலவையைக் கொளுத்துவது பிளக்கில் வரும் தீப்பொறி. எந்த நொடியில் அது வர வேண்டும் என்பதைத்தான் டைமிங் என்கிறோம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை தீப்பொறி வருகிறது. கலவை பற்றி எரியவும் சிறிது நேரம் வேண்டுமே! அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே தீப்பொறி வர வேண்டும்.

ஊஞ்சல் ஆட்டுவதை நினைத்துப் பாருங்கள். ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் கையில் இடிக்கும். தாண்டிப் போன பிறகு தள்ளினால் வேகம் ஏறாது. டைமிங்கும் அப்படித்தான். தீப்பொறி ரொம்ப முந்தினால் மேடு ஏறும்போது 'கிணுகிணு' என்று எஞ்சின் தட்டும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் கெட்டுப்போகும். பிந்தினால் இழுவை இருக்காது. சூடு வேலை செய்யாமல் சைலன்சர் வழியாகப் போய்விடும். ஓட்டுபவர் வேறு வழியில்லாமல் ஆக்சிலேட்டரை அழுத்துவார். பெட்ரோல் செலவாகும்.

தீப்பொறி வரும் நொடியைத் தீர்மானிப்பது, மெக்கானிக்குகள் 'டெல்கோ' என்று சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட். அது திறக்கும்போதுதான் தீப்பொறி வரும். பாயிண்டின் இடைவெளி குறைந்தால் திறப்பது தாமதமாகும். டைமிங் பிந்தும்.

அந்தக் குழுவின் வண்டியில் நடந்ததும் இதுதான். புதுப் பாயிண்டை அளந்து பார்க்காமல் கண்ணளவில் மாட்டியிருந்தார்கள். இடைவெளி இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. டைமிங் பிந்தி இழுவை குறைந்தது. அதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்துப் பெரிய ஜெட் போட்டார்கள். கோளாறு அப்படியே இருந்தது, கரும்புகைதான் கூடியது. கடைசியில், "புதுக் கார்புரேட்டரே போடணும்" என்றார்கள். ஓய்வு பெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் பாயிண்டை அளந்து வைத்து, டைமிங் பார்த்து, பழைய அளவு ஜெட்டை மாட்டிக் கொடுத்தார். அடுத்த மாதக் கணக்கில் மைலேஜ் 15-ஐத் தொட்டது. கார்புரேட்டர் வாங்கவே இல்லை.

வரிசை முக்கியம்

பாயிண்ட் மாறினால் டைமிங் மாறும். டைமிங் மாறினால் ஐடிலிங் மாறும். ஆகவே கார்புரேட்டர் கடைசி வேலை. புள்ளி வைக்காமல் கோலத்துக்கு இழை இழுத்தால் எப்படியோ, அப்படித்தான் முதலிலேயே கார்புரேட்டர் திருகைத் திருப்புவதும்.

1. ஏர் ஃபில்டர்: கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். காற்று போகாவிட்டால் மற்ற எல்லா வேலையும் வீண்.

2. பிளக்: முனையின் நிறம் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அது வேறு வேலை.

3. பாயிண்ட்: கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சரோடு சேர்த்து மாற்றுங்கள். முழுசாகத் திறந்த நிலையில் ஃபில்லர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். பல பழைய வண்டிகளுக்கு 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர். நம் வண்டிக்கு எவ்வளவு என்பதை அதன் புத்தகத்தில் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். பாயிண்ட் உரசும் இடத்தில் துளி கிரீஸ் போதும். கிரீஸ் இல்லாவிட்டால் தேய்ந்து இடைவெளி தானாகவே குறையும். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் பாயிண்ட் கிடையாது.

4. டைமிங்: எஞ்சின் சூடான பிறகு, ஐடிலிங்கில், ஒன்றாம் நம்பர் பிளக் ஒயரில் டைமிங் லைட் மாட்டிப் பார்ப்பது சரியான முறை. வாக்குவம் பைப்பைக் கழற்றி அடைக்க வேண்டுமா என்பது புத்தகத்தில் இருக்கும். புல்லியிலோ ஃப்ளைவீலிலோ உள்ள குறி சொன்ன டிகிரிக்கு நேராக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டெல்கோவின் போல்ட்டைத் தளர்த்தி, மயிரளவு திருப்பி, முறுக்கி, மறுபடி பார்க்க வேண்டும். உள்ளே ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும்.

5. கார்புரேட்டர்: எஞ்சின் சூடாக இருக்கட்டும். சோக் முழுசாகத் திறந்திருக்கட்டும். முதலில் ஐடிலிங் வேகத்தைப் புத்தக அளவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கலவைத் திருகு இப்போது எத்தனை சுற்றில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் சீராக, வேகமாக ஓடும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு வேகத்தை மறுபடி இறக்க வேண்டும். கலவைத் திருகை இறுக்கி முறுக்கவே கூடாது, ஊசி முனை கெட்டுவிடும். முடிந்ததும் புகைப் பரிசோதனை செய்யுங்கள். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய வண்டியின் ரப்பர் குழாய், வாஷர்கள் இதனால் ஊறி வெடிக்கலாம். மாதம் ஒருமுறை கசிவு பாருங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதனால் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

கவனம்: மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உயிரையே எடுக்கும். ஓடும் எஞ்சினைக் குனிந்து பார்க்கும்போது முந்தானை, துப்பட்டா, சடையைச் செருகிக் கட்டுங்கள். பேட்டரி பக்கம் உலோக வளையலோடு கை வைக்காதீர்கள். ஓடும்போது பிளக் ஒயரைத் தொடாதீர்கள், பல ஆயிரம் வோல்ட் அது.

நோட்டு சொல்லும்

இதில் பாதி வேலைக்கு மெக்கானிக் வேண்டும். ஆனால் நோட்டு எழுத யாரும் வேண்டாம். தேதி, கிலோமீட்டர், லிட்டர், செய்த வேலை ஆகிய நான்கு கட்டம் போதும். ஒவ்வொரு முறையும் டேங்க்கை நிரப்பிக் கணக்குப் பாருங்கள். பட்டறைக்குப் போனால், "பாயிண்ட் கேப் எவ்வளவு வெச்சீங்க? டைமிங் எத்தனை டிகிரி?" என்று கேட்டு எழுதுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் குழு தீர்மான நோட்டில் இரண்டு வரி எழுதியது. ஒன்று, மைலேஜ் கணக்கை மாதக் கடைசிக் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசிப்பது. இரண்டு, நோட்டைப் பார்க்காமல் யார் மீதும் குறை சொல்வதில்லை. முதலில் சந்தேகப்பட்டுப் பேசியவரே அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தார். ஓட்டுநரின் மனைவி வழிமொழிந்தார்.

குழுவில் பேசிப் பாருங்கள்

1. நம் வண்டி சென்ற மூன்று மாதங்களில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது? கணக்கு இருக்கிறதா?
2. மைலேஜ் குறைந்தது எந்தத் தேதியில்? அதற்கு முன் என்ன வேலை நடந்தது?
3. நம் வண்டிக்கான பாயிண்ட் இடைவெளி, டைமிங் டிகிரி நோட்டில் எழுதியிருக்கிறதா?
4. உறுப்பினர்களில் யார் டைமிங் பார்க்கக் கற்றுக்கொள்ள முன்வருகிறீர்கள்?